வரிசை குறைஞ்சா பிரச்சினை தீர்ந்ததா? பாலஸ்தீனச் சோதனைச் சாவடிகளில் ஆட்களை எண்ணும் தன்னார்வலர்களின் கதை

காலையில ஆபீஸ் கேட்ல ஐடி கார்டைக் காட்டுறீங்க. ஒரு 'பீப்' சத்தம், உள்ளே போயிடுறீங்க. மூணு விநாடி வேலை. அந்த மூணு விநாடி சில நாள் இரண்டு மணி நேரம் ஆகலாம், சில நாள் கேட்டே திறக்காமல் போகலாம், ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் கடமை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணி வேலைக்கு நீங்க எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?

மேற்குக் கரையின் பாலஸ்தீனத் தொழிலாளர்களுக்கு இதற்கான விடை மனப்பாடம்: அதிகாலை 2 அல்லது 3 மணி. பெத்லகேமுக்கும் ஜெருசலேமுக்கும் இடையே 10 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் 'செக்பாயின்ட் 300' என்ற ராணுவச் சோதனைச் சாவடி இருக்கிறது. 2023 அக்டோபர் வரை, வேலை நாள் என்றால் விடிவதற்கு முன்பே அங்கே ஆயிரக்கணக்கான ஆண்கள் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்பார்கள். பக்கத்தில் காபியும் ரொட்டியும் விற்கும் தள்ளுவண்டிகள். கட்டட வேலை தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை எல்லோருக்கும்.

அந்த வரிசையின் ஓரத்தில் வேறு சிலரும் நிற்பார்கள். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி. ஒருவர் கடந்தால் ஒரு அழுத்து. இன்னொரு கையில் நோட்டு. அதில் நேரம், திறந்திருக்கும் கவுன்டர்களின் எண்ணிக்கை, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை. சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது.

யார் இவங்க? எதுக்கு எண்ணுறாங்க? இருபது வருஷத்துக்கு மேல எண்ணி என்ன மாறுச்சு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, இந்தச் சாவடிகள் எதுக்கு?

1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைக் கைப்பற்றியது. அன்று முதல் அங்குள்ள பாலஸ்தீனர்களின் நடமாட்டம் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் போக்குவரத்து ஓரளவு எளிதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பெர்மிட் முறை இறுகியது. 2000இல் இரண்டாம் இன்டிஃபாடா எனும் எழுச்சி வெடித்தபின் எல்லாம் தலைகீழானது. அந்த ஆண்டுகளில் பேருந்துகளிலும் உணவகங்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் நூற்றுக்கணக்கான இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். ராணுவ நடவடிக்கைகளில் அதைவிட அதிகமான பாலஸ்தீனர்கள் இறந்தார்கள். 2002இல் இஸ்ரேல் தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியது.

இஸ்ரேலின் வாதம் நேரடியானது: தாக்குதல்காரர்கள் உள்ளே வராமல் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. சுவரின் திட்டமிட்ட பாதையில் சுமார் 85 சதவீதம் மேற்குக் கரையின் உள்ளேதான் போகிறது. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிப்புப் பகுதியில் இந்தச் சுவரைக் கட்டுவது சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது என்று கருத்துரை வழங்கியது. 2024 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆக்கிரமிப்பு தொடர்வதே சட்டவிரோதம் என்றது. இரண்டையும் இஸ்ரேல் ஏற்கவில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 'சோதனைச் சாவடி' என்றதும் இரண்டு நாடுகளின் எல்லையில் இருப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். பல சாவடிகள் அப்படி இல்லை. ஒரு பாலஸ்தீன ஊருக்கும் இன்னொரு பாலஸ்தீன ஊருக்கும் நடுவே இருக்கின்றன. ஹெப்ரானின் பழைய நகரத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையிலேயே இருக்கின்றன. 2023 தொடக்கத்தில் ஐ.நா.வின் மனிதாபிமான விவகார அலுவலகம் மேற்குக் கரை முழுக்கக் கணக்கெடுத்தபோது, சாவடிகள், கேட்டுகள், மண்மேடுகள், கான்கிரீட் தடுப்புகள் என எல்லாம் சேர்த்து 645 தடைகள் இருந்தன. 2025 தொடக்கத்தில் அது 849 ஆகிவிட்டது. மேற்குக் கரையின் மொத்தப் பரப்பே 6,000 சதுர கிலோமீட்டருக்குள்தான்.

எண்ணுறவங்க யாரு?

முக்கியமாக இரண்டு குழுக்கள்.

முதலாவது 'மக்சோம் வாட்ச்'. ஹீப்ரூ மொழியில் மக்சோம் என்றால் தடுப்பு, சோதனைச் சாவடி. 2001 ஜனவரியில் மூன்று இஸ்ரேலியப் பெண்கள் தொடங்கிய அமைப்பு இது. சாவடிகளில் என்ன நடக்கிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. 'நாமே போய்ப் பார்ப்போம்' என்று கிளம்பினார்கள். ஆள் சேரச் சேர ஷிஃப்ட் போட்டார்கள், காலை ஒன்று, மதியம் ஒன்று. வளர்ந்த காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் இதில் இருந்தார்கள். பலரும் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். இஸ்ரேலில் ராணுவச் சேவை கட்டாயம் என்பதால், எதிரே துப்பாக்கியுடன் நிற்கும் பையன் இவர்களுடைய மகன் அல்லது பேரன் வயசுக்காரன். இந்த அமைப்பில் பெண்கள் மட்டுமே சேரலாம். ஆண்கள் வந்தால் பேச்சு சீக்கிரம் மோதலாக மாறிவிடும் என்பதும், ராணுவத்தை மையமாகக் கொண்ட ஒரு சமூகத்தில் பெண் குரலாக நிற்க வேண்டும் என்பதும் காரணங்கள்.

இரண்டாவது குழு வெளிநாட்டவர்களுடையது. ஜெருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் விடுத்த அழைப்பை ஏற்று, உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் 'இஏபிபிஐ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வருவார்கள், சுமார் மூன்று மாதம் தங்குவார்கள். சாவடிகளில் எண்ணுவது, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் கூட நிற்பது, மேய்ப்பர்களுடன் நடப்பது ஆகியவைதான் வேலை. வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அத்துமீறல் குறையும் என்ற நம்பிக்கையில் இயங்கும் திட்டம் இது.

இரண்டு குழுக்கள் மேலும் விமர்சனம் உண்டு. ஒருதலைப்பட்சமானவர்கள், இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கத்துக்குத் துணை போகிறவர்கள் என்று இஸ்ரேல் அரசும் அதன் ஆதரவு அமைப்புகளும் இஏபிபிஐ-யைச் சாடுகின்றன. 2016 டிசம்பரில் அந்த மன்றத்தின் இணைப் பொதுச்செயலாளர் இசபெல் ஃபிரி, டெல் அவிவ் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். 2017இல் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுப்பவர்களுக்கு அனுமதி மறுக்கும் சட்டத் திருத்தம் வந்தது. 2019 ஜனவரியில், ஹெப்ரானில் 1990களிலிருந்து இயங்கிவந்த சர்வதேசக் கண்காணிப்புக் குழுவின் ஒப்பந்தத்தை இனி நீட்டிக்கப்போவதில்லை என்று பிரதமர் நெதன்யாகு அறிவித்தார். மக்சோம் வாட்ச் பெண்கள் சொந்த நாட்டுக்காரர்கள், அவர்களை விசா மறுத்து அனுப்ப முடியாது. ஆனால் 'துரோகி' என்ற பட்டம் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

என்னென்ன எண்ணுறாங்க?

தலையை எண்ணுவது மட்டும் இல்லை. ஒரு காலை ஷிஃப்டில் பதிவாகிறவை இவை: கேட் எத்தனை மணிக்குத் திறந்தது. எத்தனை கவுன்டர்களில் எத்தனையில் ஆள் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் சேர்ந்தவர் வெளியே வர எத்தனை நிமிடம் ஆனது. பெண்கள் எத்தனை பேர். யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள்.

ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையே உள்ள கலந்தியா சாவடியில் பெண்கள், முதியவர்கள், நோயாளிகள், மாணவர்களுக்கு என்று 'மனிதாபிமான கேட்' ஒன்று தனியாக உண்டு. ஆனால் அதைத் திறக்க அதிகாரி ஒருவர் வர வேண்டும். வரவில்லை என்றால், கிழக்கு ஜெருசலேமின் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளியும் தொழிலாளர்களின் நெரிசலில்தான் நிற்க வேண்டும். அப்போது தன்னார்வலர்கள் ராணுவத்தின் உதவி எண்ணுக்கு ஃபோன் போடுவார்கள். எடுத்தால் போடுவார்கள், எடுக்காவிட்டால் மறுபடி போடுவார்கள். சில நாள் கேட் திறக்கும். சில நாள் திறக்காது. இரண்டும் நோட்டில் ஏறும்.

சின்ன விவரங்கள்தான் சில நேரம் பெரிய விஷயத்தைச் சொல்லும். சாவடிகளில் ஆட்கள் ஒவ்வொருவராகப் போக ஒரு சுழல் கம்பிக் கதவு இருக்கும். இஸ்ரேலுக்குள் பொது இடங்களில் இருக்கும் இந்தக் கதவின் கை 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளம். ஆக்கிரமிப்புப் பகுதிச் சாவடிகளில் அது வெறும் 55 சென்டிமீட்டர் என்று கட்டடக் கலைஞர் எயால் வைஸ்மன் 2007இல் வந்த தன் 'ஹாலோ லேண்ட்' நூலில் எழுதியிருக்கிறார். கம்பி உடம்போடு உரச வேண்டும், ஆடைக்குள் எதையும் மறைத்து வைக்க முடியக் கூடாது என்பது அதன் நோக்கம். பை வைத்திருப்பவர், குழந்தையைத் தூக்கியிருப்பவர், வயதானவர் எல்லோரும் அதில்தான் சிக்கினார்கள். 20 சென்டிமீட்டர் வித்தியாசம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

சரி, எண்ணினதால என்ன மாறுச்சு?

2004 நவம்பரில் நாப்லஸ் அருகே பைத் இபா சாவடியில் ஒரு பாலஸ்தீன இளைஞர் சிப்பாய்கள் முன்னால் வயலின் வாசிப்பதை மக்சோம் வாட்ச் தன்னார்வலர் ஒருவர் வீடியோ எடுத்தார். இஸ்ரேல் கொந்தளித்தது. நாஜி முகாம்களில் யூத இசைக் கலைஞர்கள் வாசிக்க வைக்கப்பட்ட நினைவு பலருக்கும் வந்தது. கருவியைச் சோதிக்கவே வாசிக்கச் சொன்னோம், அவமானப்படுத்தும் எண்ணம் இல்லை என்பதுபோல ராணுவத் தரப்பில் விளக்கம் வந்தது. விவாதம் பல நாள் ஓடியது.

ஆனால் அந்த விவாதம் முழுக்க வயலினைப் பற்றியதாகத்தான் இருந்தது. நாப்லஸ் ஊரைவிட்டு வெளியே போக ஏன் ஒருவர் ராணுவத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. சிப்பாய் மரியாதையாக நடந்துகொண்டால் சாவடி சரியாகிவிடும் என்பதுபோல ஆனது. சாவடி அடுத்த சில ஆண்டுகளும் அங்கேயேதான் இருந்தது.

இதுதான் இந்தத் தன்னார்வலர்களைத் தொடர்ந்து உறுத்திவரும் கேள்வி. அவர்கள் அறிக்கை எழுத எழுத, ராணுவமும் கேட்டது. சாவடிகளில் 'மனிதாபிமான அதிகாரிகள்' வந்தார்கள். நிழற்கூரை வந்தது, குடிநீர் வந்தது, கழிப்பறை வந்தது. நிற்கிறவருக்கு இது எதுவும் சின்ன விஷயம் இல்லை. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றவரிடம் போய், 'கூரை வேண்டாம், கொள்கை மாறட்டும்' என்று சொல்ல முடியுமா? ஆனால் கூரை போட்ட சாவடி நிரந்தரச் சாவடி ஆகிறது. 'பாருங்கள், மனித உரிமை அமைப்புகள் இங்கேயே நிற்கின்றன' என்று ராணுவம் காட்டிக்கொள்ளவும் வழி கிடைக்கிறது. எதை ஒழிக்க வந்தோமோ அதைச் செப்பனிட்டுக் கொடுக்கிறோமா என்று மக்சோம் வாட்ச் உறுப்பினர்களே தங்களுக்குள் வாதிட்டிருக்கிறார்கள். நோயாளிக்காக ஃபோன் போடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி கூடவே வரும். ஆனாலும் ஃபோன் போடுவார்கள், எதிரே நிற்பவர் ஒரு மனிதர் என்பதால்.

மெஷின் வந்த பிறகு

வேலையில டார்கெட், டேஷ்போர்டு பார்க்கிறவங்களுக்கு அடுத்து வருவது சட்டென்று புரியும். எதை அளக்கிறோமோ அதுதான் சரிசெய்யப்படும்.

2019இல் கலந்தியாவிலும் செக்பாயின்ட் 300இலும் புது முனையங்கள் திறக்கப்பட்டன. விமான நிலையம் மாதிரி தானியங்கி கேட்டுகள். கார்டை வைத்தால், கேமரா முகத்தைப் பார்த்தால், கதவு திறக்கும். மணிக்கணக்கில் நின்ற இடத்தில் இப்போது பல நாட்கள் நிமிடங்களில் கடக்க முடிந்தது. காத்திருக்கும் நேரம் என்ற அளவுகோலில் இது பெரிய வெற்றி. தொழிலாளர்களே நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் என்பது சும்மா இல்லை.

ஆனால் 'உனக்கு அனுமதி இல்லை' என்ற முடிவு இப்போது எங்கே எடுக்கப்படுகிறது? முன்பு சாவடியில் ஒரு சிப்பாய் கை நீட்டித் தடுப்பான். அதை ஒரு பெண் பார்த்து எழுதுவார், சண்டை போடுவார். இப்போது ஒரு தரவுத்தளத்தில் பெயருக்கு எதிரே ஒரு குறியீடு விழுகிறது, அவ்வளவுதான். பாதுகாப்பு உளவு அமைப்பு ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தால் காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மக்சோம் வாட்ச் பெண்களில் ஒரு குழு இந்தப் பட்டியலில் சிக்கியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதையே தனி வேலையாக எடுத்துக்கொண்டது இதனால்தான்.

பெர்மிட் விண்ணப்பங்களும் ஃபோனுக்கு மாறின. இஸ்ரேல் ராணுவ நிர்வாகம் கொண்டுவந்த 'அல்-முனாசிக்' ஆப், பயனரின் ஃபோனில் உள்ள தகவல்களைப் பார்க்க அனுமதி கேட்டதால் சர்ச்சை எழுந்தது. எல்லைச் சாவடிகளில் முக அடையாளத் தொழில்நுட்பம் கொடுத்த எனிவிஷன் நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் முதலீடு செய்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தணிக்கை நடந்தது. எல்லைக் கடப்புகளில் அது பயன்படுவது உண்மை, மேற்குக் கரையில் கூட்டமாக மக்களைக் கண்காணித்ததற்கு ஆதாரம் இல்லை என்றது தணிக்கை. ஆனாலும் 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியேறியது. 2023 மே மாதம் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், ஹெப்ரானில் 'ரெட் வுல்ஃப்' என்ற முக அடையாள அமைப்பு அங்குள்ள பாலஸ்தீனர்களின் முகங்களை அவர்கள் சம்மதம் இல்லாமலே சேர்த்துவருவதாக அறிக்கை வெளியிட்டது.

இதை எல்லாம் கேட் ஓரத்தில் நின்று எப்படி எண்ணுவது?

வரிசையே காணாமல் போனபோது

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். காஸா போர் தொடங்கியது. மேற்குக் கரையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் வேலை பெர்மிட்டுகள் நிறுத்திவைக்கப்பட்டன. அத்தியாவசியத் துறைகள், குடியேற்றங்கள் என்று ஒரு சிறு பகுதியினருக்குத்தான் பிறகு கதவு திறந்தது.

செக்பாயின்ட் 300இல் அதிகாலை 3 மணி வரிசை மறைந்துபோனது. அன்றைய நோட்டை மட்டும் புரட்டினால் என்ன தெரியும்? நெரிசல் இல்லை. காத்திருப்பு இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இல்லை.

ரமலான் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அல்-அக்ஸா போக மேற்குக் கரைப் பெண்கள் எந்த வயதினராக இருந்தாலும் வரலாம் என்று விதி இருந்தது. 2024இல் ஆண்கள் என்றால் 55 வயது, பெண்கள் என்றால் 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அதற்கும் பெர்மிட் வேண்டும் என்றானது. கலந்தியாவில் கூட்டம் குறைந்தது என்றால், 30 வயதுப் பெண் வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று பொருள். கையில் இருக்கும் கருவி அவருக்காக ஒருமுறைகூட அழுந்தாது.

வேலை போனவர்கள் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. ஜெருசலேமுக்கு வடக்கே அர்-ராம் பகுதியில் ஏணியும் கயிறும் வைத்துச் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். கை கால் முறிந்தவர்கள் உண்டு, சுடப்பட்டவர்கள் உண்டு. போருக்கு முன்பும் வேலியின் ஓட்டைகள் வழியாகப் பெர்மிட் இல்லாமல் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போய்வந்தார்கள். ராணுவத்துக்கும் அது தெரியும். பெர்மிட் வைத்திருந்தவர்களிலும் பலர் அதற்காகத் தரகர்களுக்கு மாதம் சுமார் 2,000 ஷெக்கெல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, சாவடியில் நேர்மையாக வரிசையில் நின்றவர்தான் அதிகம் சோதிக்கப்பட்டவர்.

இங்கேதான் இந்தியா உள்ளே வருகிறது. 42,000 இந்தியத் தொழிலாளர்கள் இஸ்ரேல் போவதற்கான ஏற்பாடு 2023 மே மாதமே, போருக்கு முன்பே பேசப்பட்டது. பாலஸ்தீனர்கள் நிறுத்தப்பட்டதும் கட்டடப் பணிகள் முடங்கின, ஆள் தேவை அவசரமானது. ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் 2024 ஜனவரியில் தேர்வு முகாம்கள் நடந்தன. மாதம் சுமார் 1.37 லட்சம் ரூபாய் சம்பளம் என்ற அறிவிப்புக்காகப் பட்டதாரிகள்கூடக் குளிரில் வரிசையில் நின்றார்கள். மத்தியத் தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தன. ஏப்ரலில் முதல் குழு கிளம்பியது. பெத்லகேமில் காலியான வரிசைக்கும் ரோத்தக்கிலும் லக்னோவிலும் நீண்ட வரிசைக்கும் தொடர்பு உண்டு. இரண்டிலும் நின்றவர்கள் ஒரே மாதிரி ஆட்கள்தான்: கொத்தனார், கம்பி கட்டுபவர், டைல்ஸ் ஒட்டுபவர். குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேறு வழி இல்லாதவர்கள்.

அப்போ எண்ணுறது வீண் வேலையா?

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, மறுக்க முடியாத ஒரு பதிவு உருவாகியிருக்கிறது. 2001 முதல் ஷிஃப்ட் ஷிஃப்டாக எழுதப்பட்ட அறிக்கைகள், தேதியோடு, நேரத்தோடு. சுவரும் சாவடியும் என்ன செய்கின்றன என்று நாளை ஒருவர் ஆய்வு செய்ய உட்கார்ந்தால், ராணுவத்தின் கணக்கு மட்டுமே கையில் இருக்கும் நிலை இல்லை.

இரண்டு, பழைய எண் இருப்பதால்தான் புதிய வெறுமை கண்ணில் படுகிறது. 'இங்கே தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்தார்கள்' என்று எழுதி வைத்திருந்ததால்தான், 'இன்று யாருமே இல்லை' என்பது ஒரு செய்தியாகிறது. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் அது வெறும் அமைதியான காலைப்பொழுது.

ஆனால் கேட் ஓரத்தில் நிற்பது மட்டும் இனிப் போதாது என்பதையும் அவர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். கறுப்புப் பட்டியல் மனுக்கள், ராணுவ நீதிமன்றங்களில் பார்வையாளராக உட்காருவது, ஜோர்டான் பள்ளத்தாக்கில் மேய்ப்பர்களுடன் போவது என்று வேலை பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. தடை எங்கே போகிறதோ அங்கே கண்ணும் போக வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு இதுல என்ன? சாவடி பற்றிய செய்தி அடுத்த முறை டைம்லைனில் வரும். 'கடக்கும் நேரம் குறைந்தது', 'நெரிசல் இல்லை', 'இத்தனை பேருக்கு அனுமதி' என்று ஓர் எண் இருக்கும். ஷேர் பண்ணுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த எண்ணை எடுத்தது யார், கதவை வைத்திருப்பவரா, கதவுக்கு வெளியே நிற்பவரா? போன வருஷம் இதே நாளில் எத்தனை பேர் கடந்தார்கள்? வரிசைக்கே வர முடியாதவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது கேள்விக்கு எந்த நோட்டிலும் முழுப் பதில் கிடையாது. பெத்லகேமில் அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைக்க வேண்டிய தேவை இல்லாமல் போன ஒரு கொத்தனாரின் வீட்டில்தான் அது இருக்கிறது.